லூப்புக்குள் மாற்றாதீர்கள்: நிரலாக்கம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: சி ஷார்ப் நிரல்மொழியில் பத்தாயிரம் ஆப்ஜெக்ட் (தரவுப் பொருள்) உள்ள லிஸ்ட்டை வேறு டைப்புக்கு (தரவு வகைக்கு) மாற்றுகிறேன். காலி லிஸ்ட்டில் ஒவ்வொன்றாக 'ஆட்' செய்வதைவிட வேகமான வழி உண்டா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: லிஸ்ட்டோடு வரும் 'கன்வர்ட்ஆல்' மெதட் (பெயரிட்ட செயல்) போதும். மூல லிஸ்ட்டின் நீளம் அதற்குத் தெரியும் என்பதால் இடத்தை ஒரே தடவையில் ஒதுக்கிவிடும். காலி லிஸ்ட்டோ 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் பழையதை நகலெடுக்கும். பத்தாயிரத்தை எட்டுவதற்குள் ஒரு டஜன் நகல். லூப்தான் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) வேண்டுமென்றால் லிஸ்ட்டை உருவாக்கும்போதே கொள்ளளவைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் நிரல் மெதுவாக ஓடுகிறது. டைப் மாற்றத்தை வேகப்படுத்துவது எப்படி?
– திருவொற்றியூர் மாணவர்

பதில்: எந்த மொழி, தம்பி? எத்தனை ஆப்ஜெக்ட்? மாற்றம்தான் நேரத்தைத் தின்கிறது என்று அளந்து பார்த்தீர்களா? மூன்றுக்கும் விடையோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: காசிமேட்டில் ஏலக் கணக்கு நிரல் எழுதுகிறேன், பைதானில். இருபதாயிரம் ரசீது, இரண்டாயிரம் படகு எண். ஒவ்வொரு ரசீதிலும் உள்ள படகு எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லிஸ்ட்டை செட்டாக (ஒவ்வொரு மதிப்பையும் ஒருமுறை மட்டும் வைக்கும் தொகுப்பாக) மாற்றினால் வேகம் என்றார்கள். மாற்றினேன், முன்பைவிட மோசம். நிரலை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகர்

பதில்: நிரலை அனுப்பியதற்கு நன்றி, தவறு அதிலேயே தெரிகிறது. செட்டாக மாற்றும் வரியை ரசீது லூப்புக்குள் வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு ரசீதுக்கும் இரண்டாயிரம் எண்களையும் புதிதாக அடுக்கி, ஒன்றே ஒன்றைத் தேடிவிட்டு, மொத்தத்தையும் தூக்கியெறிகிறது நிரல். நான்கு கோடி முறை செட்டில் சேர்க்கும் வேலை! லிஸ்ட்டிலாவது எண் கிடைத்ததும் தேடல் நின்றிருக்கும். அந்த ஒரு வரியை லூப்புக்கு மேலே ஏற்றுங்கள். இரண்டாயிரம் எண்களை ஒருமுறை அடுக்கினால் போதும், அதன் பிறகு ஒவ்வொரு தேடலும் ஏறக்குறைய ஒரே தாவல்தான்.

இந்தத் தவறைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவே இல்லை. முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இரவு முழுவதும் ஓடிய சம்பளக் கணக்குக்காகப் புதிய சர்வரே வாங்கினார்கள். கடைசியில் இரண்டு வரிகளை லூப்புக்கு வெளியே எடுத்ததும் அது பழைய கணினியிலேயே சில நிமிடங்களில் முடிந்தது. மாற்றம் இலவசம் அல்ல. ஒருமுறை மாற்றுங்கள், பலமுறை பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: செட்டில் இரட்டைப் பதிவுகளும் வரிசையும் காணாமல் போகும். படகு எண்ணைச் சரிபார்க்க அது போதும். ரசீதுகளைச் செட்டாக்கிவிடாதீர்கள், எல்லா விவரமும் ஒன்றாக உள்ள இரண்டு ரசீதுகள் ஒன்றாகி யாரோ ஒருவருக்குப் பணம் குறையும்.

கேள்வி: 044 என்று தொடங்கும் தொலைபேசி எண்களை 'இன்ட்' (முழு எண்) லிஸ்ட்டாக மாற்றினால் முதல் பூஜ்யம் போய்விடுகிறது.
– ராயபுரம் வாசகர்

பதில்: போகத்தான் செய்யும். கூட்டிக் கழிக்காத எண்ணை ஸ்டிரிங்காகவே (எழுத்துத் தொடராகவே) வையுங்கள்.

கேள்வி: ஜாவாவில் மாணவர் அர்ரேயை (நீளம் மாறாத வரிசையை) நபர் அர்ரேயாக ஏற்கிறது, மாணவர் லிஸ்ட்டை நபர் லிஸ்ட்டாக ஏற்க மறுக்கிறது. ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டுமா?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: வேண்டாம். ஏற்றுக்கொண்டால், நபர் என்ற பெயரில் ஓர் ஆசிரியரை மாணவர் லிஸ்ட்டுக்குள் நுழைத்துவிட முடியும்; கம்பைலர் (நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) அதைத்தான் தடுக்கிறது. அர்ரே என்றால் கம்பைல் செய்யும்போது விட்டுவிட்டு, ஓடும்போது பிழை எறியும். உங்கள் மெதட் படிக்க மட்டும் செய்கிறதென்றால் '? எக்ஸ்டெண்ட்ஸ் நபர்' என்று வைல்ட்கார்டு (நபரோ அதன் துணை வகையோ எதுவும் வரலாம் என்ற குறி) போடுங்கள். ஒரு ஆப்ஜெக்ட்டைக்கூட நகர்த்த வேண்டியதில்லை.

கேள்வி: ஜாவா ஸ்ட்ரீமில் (தரவுகளை வரிசையாகக் கடத்திச் செயலாற்றும் வசதி) 'டூலிஸ்ட்' போட்டு வந்த லிஸ்ட்டில் 'ஆட்' செய்தால் பிழை.
– வியாசர்பாடி வாசகர்

பதில்: ஜாவா 16இல் வந்த அந்த மெதட் மாற்ற முடியாத லிஸ்ட்டைத்தான் தரும். சேர்க்க வேண்டுமென்றால் அதை ஒரு அர்ரேலிஸ்ட்டுக்குள் (மாற்றக்கூடிய லிஸ்ட்) போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் லூப்புக்கு வெளியே.