வாசகர் கேள்வி – பதில்: ஆங்கிலேய மூதாதையைத் தேடுவோருக்கு

கேள்வி: அம்மம்மாவின் பாட்டனார் கோப்பித் தோட்டத்துரையாக இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர். 1829இல் நோர்ஃபோக்கில் ஒரு கிராமத்தில் பிறந்தவர் என்று குடும்ப வேதாகமத்தில் எழுதியிருக்கிறது. லண்டனுக்கு எழுதி அவருடைய பிறப்புச் சான்றிதழைப் பெறலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பெற முடியாது. இங்கிலாந்தில் அரசாங்கப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837 ஜூலை 1ஆம் திகதிதான். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். பழைய பதிவேடுகள் பெரும்பாலும் இப்போது தேவாலயங்களில் இல்லை. நோர்ஃபோக்கினுடையவை நோர்விச்சில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஃபமிலிசேர்ச் (FamilySearch) என்ற வம்சாவளி தேடும் இணையத்தளத்தில் இலவசக் கணக்குத் திறந்தால் கொழும்பில் இருந்தபடியே தேடத் தொடங்கலாம்.

அங்குள்ள பெயர் அட்டவணையில் (பதிவேடுகளிலிருந்து தொகுத்த பெயர்ப் பட்டியல்) பெயர் அகப்பட்டதும் நின்றுவிடாதீர்கள். மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். 1813 முதல் ஞானஸ்நானப் பதிவேடு அச்சிட்ட படிவம்தான். பக்கத்துக்கு 8 பதிவுகள். திகதி, பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், வசிப்பிடம், தகப்பனின் தொழில், குருவானவரின் பெயர் என்று நிரல்கள் ஓடும். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு தகப்பன்மார் இருந்தால், ஒருவர் கூலி விவசாயி, மற்றவர் சப்பாத்துத் தைப்பவர் என்று காட்டித்தருவது அந்தத் தொழில் நிரல்தான். அட்டவணைகளில் பல வேளைகளில் அது விடுபட்டுப்போகும். தாயின் கன்னிக் குடும்பப் பெயருக்குப் படிவத்தில் நிரலே கிடையாது. அதற்கு விவாகப் பதிவேட்டுக்குப் போக வேண்டும்.

பதிவில் உள்ளது ஞானஸ்நானத் திகதி, பிறந்த திகதி அல்ல. சில பெற்றோர் மூன்று நான்கு பிள்ளைகளை ஒரே நாளில் கூட்டிச் சென்றிருக்கிறார்கள். ஆகவே 1829இல் காணாவிட்டால் அடுத்த பத்து வருடப் பக்கங்களையும் புரட்டுங்கள்.

பலர் வழிதவறுவது இதற்குப் பிறகுதான். பிள்ளை இறந்துவிட்டால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அங்கே வழக்கம். அடக்கப் பதிவேட்டில் வயதும் வசிப்பிடமும் இருக்கும். நீங்கள் கண்டெடுத்த பிள்ளை குழந்தையிலேயே அடக்கம் செய்யப்படவில்லை என்று உறுதிசெய்த பிறகே வம்சாவளியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் வேறொருவரின் பிறப்பு உங்கள் பாட்டனாருடையதாகிவிடும்.

ஏடு ஈரத்தில் அழிந்திருந்தால் பேராயருக்கு வருடாவருடம் அனுப்பிய நகலைக் கேளுங்கள். அது வேறிடத்தில் வைக்கப்பட்டதால் பல ஊர்களுக்குத் தப்பியிருக்கிறது.

கேள்வி: பெற்றோருக்கு விவாகம் 1731 மே மாதம், மூத்த பிள்ளையின் ஞானஸ்நானம் 1731 பெப்ரவரி. விவாகத்துக்கு முன்பே பிறந்த பிள்ளையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை. அக்காலத்தில் இங்கிலாந்தில் வருடம் பிறந்தது மார்ச் 25ஆம் திகதி. ஆகவே அந்த ஏட்டில் பெப்ரவரி 1731 என்பது மே 1731க்கு ஒன்பது மாதம் பிந்தியது. நமது கணக்கில் 1732. ஜனவரி 1ஆம் திகதி வருடப் பிறப்பானது 1752இலிருந்துதான். உங்கள் குறிப்பில் 1731/2 என்று இரண்டு ஆண்டுகளையும் எழுதி வையுங்கள்.