இளைஞர்கள் சத்தான உணவைத் தவிர்ப்பது பழக்கத்தாலா, பணத்தாலா?

பிள்ளைகளின் நாக்கைக் குறை சொல்வதற்கு முன்னால், பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். நான் கடலூரில் பிளஸ் டூ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அரசுப் பள்ளிகளில் 10-ஆம் வகுப்பு வரை மதியம் சத்துணவு உண்டு, வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு. தொடக்கப் பள்ளிகளுக்கு 2022 முதல் காலை உணவும் வரத் தொடங்கியது. 11-ஆம் வகுப்பில் கால் வைத்ததும் அந்தத் தட்டு இல்லை. உடம்பு வேகமாக வளரும் வயதில் தம்பிக்குக் கிடைக்கும் முட்டை அக்காவுக்குக் கிடையாது.

வீட்டில் பட்டினி இல்லை. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். ஆனால் காய், பால், பழம் எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. அதனால் டப்பாவில் எலுமிச்சைச் சோறும் அப்பளமும்தான் அதிகம் பார்க்கிறேன். குறிஞ்சிப்பாடி பக்கமிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற பெண்கள் பலர் காலையில் டீயோடு கிளம்பிவிடுகிறார்கள். வயிறு நிறைந்தாலும் புரதமும் இரும்புச்சத்தும் போய்ச் சேர்வதில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. என் வகுப்பில் பதினோரு மணிக்கே தலை சாய்த்துவிடும் பெண்களைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம் வெட்கம். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. நம் கரையில் மலிவான புரதம் மத்தியும் நெத்திலியும்தான். ஆனாலும் தேவனாம்பட்டினம் பக்கத்து மாணவி ஒருத்தி வெறும் தக்காளிச் சோறு கொண்டுவந்தாள். கேட்டதற்கு, "மீன் வாசனை வருதுன்னு பக்கத்துல உட்கார மாட்டேங்கிறாங்க மிஸ்" என்றாள். கேழ்வரகுக் கூழுக்கும் பழைய சோற்றுக்கும் இதே கதிதான். நண்பர்கள் முன்னால் பாக்கெட் நொறுக்குத் தீனியைப் பிரிப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. கூழ் குடிப்பதில் இல்லை. அந்தக் கௌரவத்தைக் கட்டியது பிள்ளைகள் அல்ல, சாதியும் வசதியும் பார்த்துப் பழகிய பெரியவர்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; பள்ளி திறக்கும் நேரத்தில் மீனவர் வீடுகளில் கையில் காசும் இருக்காது.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. நல்ல உதவி. ஆனால் ஃபீஸ், ஜெராக்ஸ், வீட்டுச் செலவு போக சாப்பாட்டுக்கு மிஞ்சுவது குறைவு.

ஆகவே என் பதில், பணமும் வெட்கமும் சேர்ந்துதான் பழக்கமாகிறது. வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. முருங்கைக்கீரையோடு ஒரு கொய்யாவோ எலுமிச்சையோ சேருங்கள், இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஏறும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். ஆனால் பெரிய வேலை அரசிடம் இருக்கிறது. சத்துணவுக் கூடமும் சமையலரும் ஏற்கெனவே உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் 11, 12-க்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும். எங்கள் பெற்றோர் கூட்டங்களில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.