நிலத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கை மரபணுக்களை இழந்தது ஏன்?

மரபணு இழப்பு என்றால், முன்னோரிடம் வேலை செய்துகொண்டிருந்த ஒரு மரபணு பின்வந்த தலைமுறைகளில் பழுதாகி, கடைசியில் அழிந்தே போவது. ஒளிச்சேர்க்கைதானே செடியின் உயிர்நாடி, அதை எப்படி இழக்க முடியும்?

ஒரு பைன் விதையையும் ஒரு அவரை விதையையும் இருட்டில் முளைக்க வையுங்கள். பைன் நாற்று இருட்டிலேயே பச்சையாகிவிடும். அவரை முளை வெளிர் மஞ்சளாகவே நிற்கும்; வெளிச்சத்தில் வைத்தால் சில மணி நேரத்தில் பச்சை ஏறும். பச்சையம் தயாரிப்பதில் ஒரு படிக்குப் பைனிடம் இரண்டு வழிகள் உண்டு: ஒன்றுக்கு ஒளி வேண்டும், மற்றதற்கு வேண்டாம். ஒளி வேண்டாத வழிக்கான மூன்று மரபணுக்களைப் பூக்கும் தாவரங்கள் இழந்துவிட்டன. எனக்கு இது எப்போது நினைத்தாலும் வியப்புதான்.

காரணம் எளிது. மரபணுவைப் படியெடுக்கும்போது பிழைகள் வந்துகொண்டே இருக்கும். அவசியமான மரபணு கெட்டால் செடி பிழைக்காது, பிழையும் அதோடு போய்விடும். அவசியமில்லாததில் பிழை அப்படியே தங்கும். ஆள் நடக்காத ஒற்றையடிப் பாதை புல் மண்டி மறைவது போலத்தான்.

ஒட்டுண்ணிகளில் இது உச்சம். எபிஃபாகஸ் என்ற செடி பீச் மரத்தின் வேரிலிருந்து உணவை உறிஞ்சுகிறது. அதன் பசுங்கணிகத்தில், அதாவது செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பில், உள்ள டி.என்.ஏ. சுமார் 70,000 எழுத்துகள்தான். ஒளிச்சேர்க்கை செய்யும் புகையிலையில் ஏறத்தாழ 1,56,000. எபிஃபாகஸின் பசுங்கணிக டி.என்.ஏ.வில் ஒளிச்சேர்க்கை மரபணு ஒன்றுகூட உருப்படியாக இல்லை என்று 1992-இல் தெரிந்தது.

அப்புறம், பசுங்கணிகத்தில் காணாத மரபணு எல்லாமே தொலைந்துபோனது என்று நினைத்துவிட வேண்டாம். பல மரபணுக்கள் செல்லின் உட்கருவுக்கு இடம் மாறி, அங்கிருந்தே வேலை செய்கின்றன.