தாமான் நெகாரா மரங்களின் வயது

வணக்கம் ஐயா,

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தாமான் நெகாரா போய்வந்தோம். ‘இது 13 கோடி ஆண்டுப் பழைய காடு’ என்றார் படகோட்டி. அப்படியானால் இந்த மரங்களை டைனோசர் பார்த்திருக்குமா என்று மகள் கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

செ., செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள செ.,

இங்கே பார்த்திருக்காது, இந்தியாவில் இவற்றின் முன்னோரைப் பார்த்திருக்கலாம் என்று சொல்லுங்கள்.

அந்த 13 கோடிக் கணக்கைச் சுற்றுலா விளம்பரங்களும் ஓயாமல் சொல்கின்றன. பூக்கும் தாவரங்களின் ஐயமற்ற புதைபடிவங்கள் தென்படத் தொடங்குவதே ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். அவையும் பெரும்பாலும் மகரந்தத் துகள்கள். நீங்கள் பார்த்த மெராந்தி, கெருயிங் போன்ற ஒரே குடும்பத்து மரங்கள் வானளாவி நிற்கும் காடு அன்று உலகில் எங்குமே இல்லை. எந்தச் செடி எப்போது எங்கே இருந்தது என்பதற்கு நான் மிகவும் நம்பும் சாட்சி விதை. இலைகள் குடும்பம் மாறியும் ஒன்றுபோல் இருந்து ஏமாற்றிவிடும். விதையுறையின் அடுக்குகளும் உள்ளறைகளும் முளை வெளிவரும் வாயும் அப்படி எளிதில் ஏமாற்றுவதில்லை.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதி முகத்துவாரத்தை ஒட்டிய ஷெப்பித் தீவின் களிமண்ணிலிருந்து ஏறக்குறைய 5 கோடி ஆண்டுப் பழைய நீப்பா என்ற பனைவகையின் காய்கள் உதிர்கின்றன. நம் கடலோரச் சேற்றில் நிற்கும் அதே நீப்பாதான். ஐஸ் கச்சாங் இனிப்பில் போடும் அத்தாப்பு விதை அதனுடையது. உள்ளே பைரைட் கனிமம் நிறைந்து கல்லாகிவிட்ட அந்தக் காய்களையும் விதைகளையும் எலினர் ரீட், மார்ஜரி சாண்ட்லர் என்ற இரு பெண்கள் ஆராய்ந்து 1933இல் பெரிய நூலாக வெளியிட்டார்கள். இன்று குளிரில் நடுங்கும் அந்தக் கரையில் அன்று வெப்பமண்டலக் காடு இருந்தது என்பதற்கு அவர்கள் உழைப்பு பெரும் ஆதாரம். எனக்கு அவர்கள்மேல் தீராத மரியாதை உண்டு.

மெராந்தி குடும்பத்தின் கதை வேறு. நீப்பா காய் கடலில் மிதந்து பயணம் போகும். மெராந்தி விதையோ காய்ந்தால் சாகும், உப்புநீரிலும் பிழைக்காது, சில நாளிலேயே முளைத்தும்விடும். இறக்கை இருந்தும் தாய்மரத்தைவிட்டு வெகுதூரம் போவதில்லை. கல்லாகிக் கிடைப்பதும் அரிது. ஆகவே இங்கே மகரந்தமும் பிசினும்தான் பேசுகின்றன. டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலத்தைச் சேர்ந்த இக்குடும்பத்து மகரந்தம் சூடானிலும் இந்தியாவிலும் கிடைத்திருக்கிறது. குஜராத்தின் வஸ்தான் சுரங்கத்து அம்பர், 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இக்குடும்பத்து மரம் வடித்த பிசின். நாம் புகை போடும் குங்கிலியமும் இக்குடும்பத்ததே. இக்குடும்பம் ஆப்பிரிக்காவில் தோன்றி, தீவாக வடக்கே நகர்ந்த இந்திய நிலத்தில் ஏறி, அது ஆசியாவோடு முட்டிய பிறகு இப்பக்கம் பரவியது என்பதே இப்போது வலுவான விளக்கம்.

கெப்போங் வன ஆய்வுக் கழகத்துக்கு மகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். இந்த மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகக் காய்க்கும். அப்போது போக வாய்த்தால் உதிர்ந்தவற்றின் இறக்கைகளை எண்ணச் சொல்லுங்கள்: கெருயிங்குக்கு நீளமாக இரண்டு, மெராந்திக்குப் பெரும்பாலும் நெட்டை மூன்று, குட்டை இரண்டு.