கண்புரை அறுவைக்குப் பின் கரையும் மருந்து: சொட்டு மருந்தே வேண்டாமா?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. கண்புரை அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது. கை நடுங்குவதால் சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொள்ள முடியாது. பகலில் உடன் யாரும் இல்லை. கண்ணில் வைத்தால் தானாகக் கரையும் மருந்து இருக்கிறதாமே, அதை வைத்துவிட்டால் சொட்டே வேண்டாமா? பாட்டிக்குக் கண் அழுத்த நோய் இருந்தது.

பதில்: அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு சொட்டு பெரும்பாலும் தேவைப்படாது. மற்ற மருந்துகளும் பரிசோதனைகளும் அப்படியே இருக்கும்.

இப்படிக் குறைவதும் சிறிய சுமை அல்ல. முதல் வாரம் நாளுக்கு 4 முறை, பிறகு வாரம் ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போவது வழக்கமான முறை. கணக்கிட்டால் 28 நாளில் 70 சொட்டு. அதில் கன்னத்தில் வழிவதே அதிகம். கண்ணுக்குள் ஊடுருவுவது 5 சதவீதத்துக்கும் குறைவு. கை நடுங்குபவரிடம் இந்த அட்டவணை தவறுவது இயல்பு.

கரையும் மருந்துகளில் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தக்கூடியது கண்ணீர்க் குழாயில் வைக்கும் டெக்ஸ்டென்சா. 0.4 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அடங்கிய, நீரை உறிஞ்சி உப்பும் மெல்லிய ஹைட்ரோஜெல் குச்சி அது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் அறுவைக்குப் பிந்தைய வலிக்கும், 2019-இல் அழற்சிக்கும் அனுமதி தந்தது. கீழ் இமையின் மூக்கோர முனையில் உள்ள கண்ணீர்த் துளையைச் சற்று விரித்து உள்ளே தள்ளுவார்கள். ஈரம் பட்டதும் உப்பிவிடும் என்பதால் துளையைச் சுற்றி நன்கு ஒற்றி உலர்த்திய பிறகே வைக்க வேண்டும். பாதியில் உப்பினால் அதை வீசிவிட்டுப் புதியதை எடுக்க வேண்டியதுதான். உள்ளே அமர்ந்த பின் 30 நாள் வரை மருந்து கசியும். மீதி கரைந்து மூக்கு வழியாக வெளியேறிவிடும். எடுக்க இன்னொரு சிகிச்சை கிடையாது.

ஓசர்டெக்ஸ் என்ற பெயரும் உங்கள் காதில் விழலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 0.7 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொண்டது. ஊசி மூலம் விழிக்குள்ளேயே செலுத்துவார்கள். லாக்டிக், கிளைகோலிக் அமிலங்களாலான அதன் பாலிமர் மாதக்கணக்கில் சிதைந்து, கடைசியில் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும். விழித்திரை வீக்கத்துக்கும் பின்விழி அழற்சிக்கும் உரியது. சிக்கலில்லாத கண்புரை அறுவைக்கு வழக்கமாகத் தேவைப்படாது. லென்ஸின் பின்னுறை கிழிந்த கண்ணில் அது கண்ணின் முன்னறைக்கு நழுவிக் கருவிழியைக் கெடுக்கக்கூடும்.

உங்கள் விஷயத்தில் நாங்கள் மிகவும் கவனிப்பது பாட்டியின் கண் அழுத்த நோயை. ஸ்டீராய்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். குடும்பத்தில் அந்த நோய் இருந்தால் வாய்ப்பு கூடும். வலியோ சிவப்போ இல்லாமல் ஏறுவதால் வீட்டில் கண்டுபிடிக்கவே முடியாது. சொட்டு என்றால் அன்றே நிறுத்தலாம். குழாயில் உள்ள குச்சியையும் மருத்துவர் உப்புநீரைப் பீய்ச்சியோ அழுத்தியோ அகற்றிவிடலாம். விழிக்குள் போனதை அவ்வளவு எளிதாக எடுக்க இயலாது. அதனால் பாட்டியின் நோயை அறுவைக்கு முன்பே சொல்லுங்கள். அறுவைக்கு மறுநாள், ஒரு வாரம் கழித்து, பிறகு 3 அல்லது 4-ஆம் வாரம் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பலர் தவறவிடுவது கடைசிப் பரிசோதனையைத்தான். ஸ்டீராய்டால் ஏறும் அழுத்தம் பெரும்பாலும் சில வாரங்கள் கழித்தே தெரியும்.

கண்ணிலோ கண்ணீர்ப்பையிலோ தொற்று இருந்தால் குச்சியை வைக்கக் கூடாது. முன்பு கருவிழியில் ஹெர்பிஸ் வைரஸால் புண் வந்திருந்தாலும் மறைக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் சொட்டு தனி விஷயம்: அறுவையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாட்டிக் செலுத்தும் மருத்துவர் சொட்டைத் தவிர்க்கலாம், அந்த முடிவு அவருடையது.

வைத்த பின் கண்ணின் மூக்கோர முனையைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. குச்சி வெளியே வந்துவிடும். கொஞ்சம் கண்ணீர் வழிவது வடிகால் அடைபட்டிருப்பதால், பயப்பட வேண்டாம். சிவப்பும் கூச்சமும் திடீரென்று கூடினால் குச்சி விழுந்திருக்கலாம். அதில் ஃபுளோரசீன் என்ற ஒளிரும் சாயம் கலந்திருப்பதால் நீல ஒளியில் பார்த்தால் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் சொட்டு தொடங்குவார்கள். வலி அதிகரித்தாலோ, பார்வை மங்கினாலோ, சீழ் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது கண்ணுக்குள் ஏற்பட்ட தொற்றாக இருக்கலாம்.

குச்சி கிடைக்கவில்லை என்றால், அம்மாவை மல்லாந்து படுத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். மூக்கோர முனையில் ஒரு சொட்டு விட்டு, இமையை மெல்லத் திறந்தால் மருந்து உள்ளே இறங்கும். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி விடுங்கள். நடுங்கும் கைக்கு இதுவே எளிது, குப்பியின் நுனியும் கண்ணில் படாது.