மாமனுக்கு இல்லாத பை ஐயனுக்கு ஏன்?

கேள்வி: டாக்டர் ஐயா, எங்கள் ஐயனுக்கு (அப்பாவுக்கு) 67 வயது. மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறோம். இரண்டு மாதம் மலச்சிக்கல் என்று கடுக்காய்ப் பொடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆடி மாதம் நாலு நாள் சேர்ந்தாற்போல மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை, வயிறு உப்பிவிட்டது. பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி என்று நடு ராத்திரியில் ஆபரேஷன் செய்து, குடலை இடது பக்க வயிற்றில் வெளியே எடுத்துப் பை மாட்டிவிட்டார்கள். போன வருடம் என் அம்மாவின் அண்ணனுக்கும் இதே நோய், இதே அடைப்பு. அவருக்குக் குடலை நேராக இணைத்துவிட்டார்கள், பை இல்லை. ‘வேறு ஆஸ்பத்திரி போயிருந்தால் ஸ்டென்ட் வைத்திருப்பார்கள்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஐயன் தோட்டத்துப் பக்கமே வருவதில்லை. நாங்கள் அவசரப்பட்டுவிட்டோமா? பையை எப்போது எடுக்கலாம்?
– பெயர் வேண்டாம் (வயது 41), கோபிசெட்டிபாளையம்.

பதில்: தம்பி, மாமனுடைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக் கட்டி எந்தப் பக்கம் என்று பாருங்கள். வலது பக்கமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். வலது பக்கக் கட்டி என்றால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை மிச்சப் பெருங்குடலோடு தைப்போம். சிறுகுடலுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், உள்ளே இருப்பதும் தண்ணியாகத்தான் இருக்கும். அதனால் தையல் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

இடது பக்கம் வேறு கதை. தடப்பள்ளி வாய்க்காலில் ஒரு மடை அடைத்துக்கொண்டால் கரை எங்கே உடையும்? அடைத்த இடத்திலா? மேலே எங்கே கரை இளைத்திருக்கிறதோ அங்கேதான். பெருங்குடலிலும் அப்படியே. கட்டி இடது பக்கம் இருக்கும், வெடிப்பது பெரும்பாலும் வலது பக்க அடிவயிற்றில், பெருங்குடல் தொடங்கும் இடமான குடல்வாய். அகலம் அங்கேதான் அதிகம், சுவரும் மெல்லிசு. ஸ்கேனில் அது 12 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். வெடித்து மலம் வயிற்றுக்குள் கொட்டினால் உயிர் பிழைப்பதே பெரும்பாடு.

அந்த ராத்திரியில் வீங்கி, மலம் நிறைந்து கிடக்கும் குடலை, கீழே காலியாகச் சுருங்கிக் கிடக்கும் குடலோடு தைத்தால் தையல் கசியலாம். அதனால் கட்டியை எடுத்து, கீழ் நுனியை மூடி, மேல் நுனியை வெளியே கொண்டுவருகிறோம். ஹார்ட்மன் ஆபரேஷன் என்று பெயர். அந்தப் பிரெஞ்சுக்காரர் இதை எழுதியது 1921-இல். நூறு வருடம் தாண்டியும் நடு ராத்திரியில் கை தேடுவது இதைத்தான். உடம்பு தாங்கும், குடலும் ரொம்பக் கெடவில்லை என்றால் இடது பக்கத்திலும் நேராக இணைப்பதுண்டு. குடல்வாயே கிழிந்திருந்தால் பெருங்குடலில் பெரும்பகுதியை எடுக்க வேண்டிவரும்.

ஸ்டென்ட் நல்ல வழிதான். கேமரா குழாய் வழியாகக் கம்பிவலையைக் கட்டிக்குள் விரித்து, வீக்கம் வடிந்தபின் இரண்டு வாரம் போல விட்டு நிதானமாக ஆபரேஷன் செய்யலாம். பை தேவைப்படாமலே போகலாம். ஆனால் வைக்கும்போது குடல் ஓட்டையானால் புற்றுச் செல்களும் வெளியே சிந்தும். குடல் ஏற்கெனவே வெடிக்கிற நிலையில் இருந்தால் ஸ்டென்ட் பேச்சுக்கே இடமில்லை. அதில் கை தேர்ந்தவர் அந்த நேரத்துக்கு இருக்கவும் வேண்டும். நாலு நாள் காற்றே பிரியாத வயிறு என்கிறீர்கள். நானாக இருந்தாலும் கத்தியைத்தான் எடுத்திருப்பேன்.

பையை எடுப்பதை அவசரப்படுத்தாதீர்கள். முதலில் பயாப்சி ரிப்போர்ட். குடலை ஒட்டியிருக்கும் நெறிக்கட்டிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) குறைந்தது 12-ஐயாவது பார்த்தார்களா, எத்தனையில் புற்று இருந்தது என்று கேளுங்கள். கீமோ தேவை என்றால் ஆபரேஷன் ஆகி எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. அது மூன்று மாதமோ ஆறு மாதமோ முடிந்து, உடம்பு தேறியபின் குடலை இணைப்பார்கள். இதயமோ நுரையீரலோ இடம் கொடுக்காமல் பையோடே இருந்துவிடுபவர்களும் உண்டு.

ஐயன் தோட்டத்துக்கு வராததுதான் எனக்கு உறுத்துகிறது. ஆரம்ப காலத்தில் காங்கேயம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் பை வைத்துவிட்டேன். மயக்கம் தெளிந்து வயிற்றைத் தடவிப் பார்த்தவர், மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதன்பிறகு நேரம் இருந்தால் ஆளை உட்கார வைத்து, நிற்க வைத்து, வேட்டி கட்டும் இடத்தைப் பார்த்து, அதற்குத் தள்ளி மையால் குறி போட்டுவிடுவேன். உங்கள் ஐயனுக்கு அந்த ராத்திரியில் இதற்கு நேரம் இருந்திருக்காது. வேட்டி முடிச்சு பைமேல் அழுத்தினால் கசியும், நாறும். ஆளும் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார். முடிச்சை மேலே ஏற்றிக் கட்டச் சொல்லிப் பாருங்கள். குளிக்கலாம், வரப்பில் நடக்கலாம், அரிசிம்பருப்புச் சாதம் தாராளமாகச் சாப்பிடலாம். மஞ்சள் மூட்டை மட்டும் தூக்கக் கூடாது. பை பக்கத்திலேயே குடல் இறங்கிவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அடைப்பு இருந்ததால் ஐயனின் மீதிப் பெருங்குடலைக் கேமராவில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆபரேஷனிலிருந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பார்த்தாக வேண்டும். அப்புறம், அப்பா வழியில் ஐயன், அம்மா வழியில் மாமன். உங்களுக்கோ நாற்பது தாண்டிவிட்டது. ஐயனுக்கு அந்தக் கேமரா பரிசோதனைக்கு, அதாவது கொலனாஸ்கோப்பிக்குத் தேதி வாங்கும்போது உங்களுக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.