தானா ஆஃப் ஆகுற மெஷின்: பார்ட் மாத்துறதுக்கு முன்னால, இலங்கை மலையக ஊர்கள்ல இருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

ஹட்டன்: அண்ணே, சாயந்தரம் ஆறரைக்கு மேல டெஸ்க்டொப் தானா ரீஸ்டார்ட் ஆகுது. நீல ஸ்கிரீன் (விண்டோஸ் கிறாஷ் ஆனா வர்ற பிழைத் திரை) வரல. பகல்ல ஒண்ணும் இல்ல. கடையில ரெண்டு தடவ விண்டோஸ் மாத்திப் போட்டுட்டாங்க.

பதில்: தம்பி, நேரம் பார்த்துக் கெட்டுப்போற விண்டோஸ் எங்கயும் கிடையாது. ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும் ஊர்ல எல்லா வீட்டுலயும் லைட்டு, டீவி, ரைஸ் குக்கர் ஓடுற நேரம். அங்கிருந்துதான் தேடணும்.

முதல்ல ஈவென்ட் வியூவர் (மெஷின்ல நடந்ததை விண்டோஸ் குறிச்சு வைக்கிற இடம்) திறந்து விண்டோஸ் லொக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம் போங்க. கேர்னல்-பவர் 41ன்னு சிவப்புக் குறி இருக்கும். டீட்டெயில்ஸ்ல பக்செக்கோட் 0ன்னு இருந்தா, விண்டோஸுக்கே தெரியாம கரண்ட் அறுந்திருக்கு, இல்லாட்டி மெஷின் உறைஞ்சு நின்னிருக்கு. வேற இலக்கம் இருந்தா நீல ஸ்கிரீன் வந்திருக்கு, நீங்க பார்க்கிறதுக்குள்ள ரீஸ்டார்ட் ஆயிருக்கு.

0ன்னா மல்டிமீட்டரை எடுங்க. ஏ.சி 750 வோல்ட் ரேஞ்சில வச்சு, அதே பிளக்கில பகல் ஒரு தடவ, ராத்திரி ஏழரைக்கு ஒரு தடவ அளங்க. 216க்கும் 244க்கும் நடுவுல இருக்கணும். 190 பக்கம் இறங்கினா, விலை குறைஞ்ச பவர் சப்ளையில (மெஷினுக்குள்ள கரண்ட் மாத்திக் கொடுக்கிற பெட்டி) பெரிய கபாசிட்டர் தேக்கி வைக்கிற சக்தியும் கூடவே இறங்கும். நல்ல சப்ளை, கரண்ட் விட்டுப்போனா ஏறத்தாழ 16 மில்லி செக்கன் தாங்கும். வயசான சப்ளைக்கு அதுல பாதி கூட வராது. பல்பு சிமிட்டினது கண்ணுக்கே தெரியாது, மெஷின் போயிடும்.

வோல்டேஜ் சரின்னா சப்ளையோட வெளிப்பக்கத்தை அளங்க. டி.சி 20 வோல்ட் ரேஞ்ச். நாலு ஓட்டை உள்ள பழைய ஹார்ட் டிஸ்க் கனெக்டர்ல கறுப்புக்கும் மஞ்சளுக்கும் 11.4 முதல் 12.6 வரை, கறுப்புக்கும் சிவப்புக்கும் 4.75 முதல் 5.25 வரை. சும்மா இருக்கிற மெஷின்ல அளந்து பிரயோசனம் இல்ல, ஒரு கேமை ஓடவிட்டு அளக்கணும். சும்மா இருக்கையில 12.1 காட்டி, கேம் ஏறினதும் 11.2க்கு விழுந்தா சப்ளையை மாத்துங்க. அந்தப் பெட்டியை மட்டும் திறந்துடாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள 300 வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கலாம்.

நுவரெலியா: காலையில முதல் தடவ போட்டா ஃபேன் மட்டும் சுத்தும், டிஸ்ப்ளே வராது. நாலஞ்சு தடவ போட்டா வரும், வந்த பிறகும் முதல் அரை மணி நேரத்துல ரெண்டு தடவ ஹேங் ஆகும். மத்தியானம் சரியா ஓடுது.

பதில்: குளிர்ல கஷ்டப்பட்டு, சூடு ஏறினதும் சரியாகுற மெஷின்ல ரெண்டு இடத்தைப் பாருங்க.

ஒண்ணு கபாசிட்டர். வயசான எலக்ட்ரொலிட்டிக் கபாசிட்டர் குளிர்ல இன்னும் மோசமா வேலை செய்யும். டோர்ச் அடிச்சு சி.பி.யூவைச் சுத்தி இருக்கிற உருளைகளைப் பாருங்க. தலை தட்டையா இருக்கணும். பப்படம் மாதிரி உப்பியிருந்தாலோ, அடியில பழுப்பா காய்ஞ்ச கறை இருந்தாலோ மதர்போர்ட் அங்கதான் போயிருக்கு.

இன்னொண்ணு ரேம் (மெமரி குச்சி) காலு, அதாவது ஸ்லொட்டுக்குள்ள போற தங்க நிற விளிம்பு. மூடுபனி ஈரத்துல தங்கப்பல்லு மேல மங்கலா ஒரு படலம் பிடிக்கும். வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து செக்கன் அமத்திப் பிடிச்சுட்டு, ரேமைக் கழற்றுங்க. வெள்ளை அழிறப்பரால மெதுவா ஒரே திசையில தேய்ச்சு, தூளைத் தட்டி, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் அல்கஹோல்ல துடைங்க. ஸ்லொட்டை வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரமும் சேர்ந்து உள்ள போகும். திரும்ப மாட்டுறப்போ ரெண்டு பக்கமும் டக்குன்னு சத்தம் கேட்கணும்.

குளிர்ல பைக்குல கொண்டுவந்த மெஷினை அடுப்படிச் சூட்டுல வச்ச உடனே போடக்கூடாது. உள்ள வேர்த்திருக்கும். ரெண்டு மணி நேரம் விடுங்க.

பண்டாரவளை, ஒரு ஆசிரியை: லெப்டொப்ல மார்க்ஸ் ஷீட் போடுறப்போ நீல ஸ்கிரீன் வருது. ஒவ்வொரு தடவையும் அதுல வேற வேற பிழைப் பேரு.

பதில்: மிஸ், முதல்ல மார்க்ஸ் ஷீட்டை இன்னைக்கே ஒரு பென் டிரைவ்ல எடுத்து வைங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

பேரு மாறிக்கிட்டே வந்தா முதல் சந்தேகம் ரேம். மெம்டெஸ்ட்86+ (ரேமைச் சோதிக்கிற புரோகிராம்) பென் டிரைவ்ல ஏத்தி அதுல பூட் பண்ணி, ராத்திரி முழுக்க விடுங்க. நாலு சுற்றாவது முடியணும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான், "ஒண்ணு தானே"ன்னு கடையில சொன்னா கேட்காதீங்க. பிழை வந்தா ஒரு ரேமை மட்டும் போட்டு திரும்ப ஓட்டுங்க. ஒரு குச்சி எந்த ஸ்லொட்லயும் பிழை காட்டினா குச்சி, எந்தக் குச்சியும் ஒரே ஸ்லொட்ல பிழை காட்டினா மதர்போர்ட்.

பேரு மாறாம நீல ஸ்கிரீன்ல ஒரே பிழை இலக்கமா வந்தா வேற கதை. 0x124ன்னா சி.பி.யூவோ சூடோ மின்சாரமோ. 0x7Aன்னா டிஸ்க் பக்கம் போங்க. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவுல (டிஸ்க்கோட ஆரோக்கியத்தைக் காட்டுற புரோகிராம்) 05 (மாத்தி வச்ச கெட்ட இடங்கள்), சி5 (கெட்டுப்போனதா சந்தேகப்படுற இடங்கள்) வரிசைகள்ல ரோ வேல்யூ ரெண்டும் பூச்சியமா இருக்கணும், சி5 ஏறிக்கிட்டே போனா டிஸ்க் போகப்போகுது. டெஸ்க்டொப்ல சி7 (கேபிள் வழியா டேட்டா பிழையா வந்த எண்ணிக்கை) மட்டும் ஏறினா டிஸ்க்கைக் குறை சொல்லாதீங்க, சாட்டா கேபிளை மாத்துங்க.

தலவாக்கலை: லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீட்டுல, மெஷினோட இரும்புக் கேஸைத் தொட்டா சுருக்குன்னு அடிக்குது. பிரிண்டர் யூ.எஸ்.பி மாட்டினா மெஷின் உறையுது.

பதில்: எர்த் இல்ல. சப்ளையோட வாசல்ல லைவ்ல இருந்தும் நியூட்ரல்ல இருந்தும் கேஸுக்கு சின்ன கபாசிட்டர் போட்டிருப்பாங்க. எர்த் இல்லாட்டி கேஸ் 230ல பாதி, 115 வோல்ட் கிட்ட மிதக்கும். கரண்ட் அளவு சின்னது, ஆனா யூ.எஸ்.பி மாட்டுற அந்த நொடி அது டேட்டா வயர் பக்கமா பாயும், மெஷின் குழம்பும். பிளக்ல லைவுக்கும் எர்த்துக்கும் அளந்தா 230 கிட்ட வரணும், வராட்டி எர்த் கம்பியைப் பார்க்க எலக்ட்ரீஷியன் வேணும். எர்த்தையும் நியூட்ரலையும் பிளக்குக்குள்ளயே முறுக்கி விட மட்டும் விடாதீங்க. நியூட்ரல் அறுந்தா கேஸ் முழுக்க 230 ஏறும்.

மஸ்கெலியா: மின்னலுக்கு அப்புறம் இன்டர்நெட் வயர் மாட்டினா மட்டும் கிறாஷ்.

பதில்: அடி அந்த வயர் வழியா வந்திருக்கு. பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகுறப்போ வர்ற செட்டிங்) ஒன்போர்ட் லேனை (மதர்போர்ட்லயே இருக்கிற நெட்வொர்க் பாகம்) டிசேபிள் பண்ணி, யூ.எஸ்.பி லேன் அடாப்டர் போட்டுப் பாருங்க. ஓடினா மதர்போர்டை மாத்தத் தேவையில்ல. ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் மத்தியானம் இடி கேட்டா பவர் வயரோட நெட் வயரையும் கழற்றுங்க.

கம்பளை: கேம் போட்டு பத்து நிமிஷத்துல ஆஃப். எங்க வீடு குளிர் தானே, சூடா இருக்குமா?

பதில்: இருக்கும். எச்.டபிள்யூ இன்ஃபோ (சூட்டைக் காட்டுற புரோகிராம்) ஓடவிட்டுப் பாருங்க, சி.பி.யூ 95 பாகை தாண்டி ஏறினா அதுதான். விறகு அடுப்புள்ள வீட்டுல ஹீட்சிங்க் (சி.பி.யூ மேல சூட்டை இறக்குற உலோகத் தகடுகள்) இடுக்குல தூசி புகையோட ஒட்டி கம்பளி மாதிரி ஆயிருக்கும், ஊதினா போகாது. கழற்றி பிரஷ் போட்டு எடுங்க, சி.பி.யூவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல இருக்கிற பழைய பேஸ்ட்டைத் துடைச்சு பட்டாணி அளவு புதுசு வைங்க. நாலு பிளாஸ்டிக் காலுள்ள கூலர்னா குறுக்குக் குறுக்கா அமத்துங்க, ஒரு கால் பதியாட்டி ஆன் பண்ணின கொஞ்ச நேரத்துல ஆஃப் ஆகும்.

ஹட்டன் (திரும்ப): அண்ணே, 650 வி.ஏ யூ.பி.எஸ் (கரண்ட் போனா பட்டரியில ஓட்டுற பெட்டி) வாங்கிட்டேன், கரண்ட் போனா இன்னும் ஆஃப் ஆகுது.

பதில்: பழைய யூ.பி.எஸ்ன்னா 12 வோல்ட் 7 ஏ.எச் பட்டரி செத்திருக்கும், ரெண்டு மூணு வருஷம்தான் அதோட ஆயுசு. புதுசுன்னா லேசர் பிரிண்டரையும் அதுலயே மாட்டியிருக்கீங்களான்னு பாருங்க. அதைக் கழற்றிட்டு, வேலை எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு, யூ.பி.எஸ் சுவிட்சை சுவர்ல அணைச்சுப் பாருங்க.